முதலையின் பல்லும் மூன்றாம் மேசையும்

கலண்டர் நேராகப் பாயாசத்துக்குள் விழுந்தது.

செல்வராணி அப்போதுதான் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோயிருந்தார். கரண்டி வாயில், கலண்டர் கிண்ணத்தில், ஒரு கஜு அவருடைய பட்டுச் சேலையில். அவர் கத்தவில்லை, கோபப்படவும் இல்லை. மெதுவாகத் தலையைத் திருப்பி, கலண்டர் தொங்கிய சுவரை அண்ணாந்து பார்த்தார்.

அங்கே முதலை நின்றது. குடை பிடித்த முதலை. திறந்த வாயிலிருந்து பற்கள் பியானோக் கட்டைகள் மாதிரி ஒவ்வொன்றாகக் கொட்டிக்கொண்டிருந்தன.

"இதுதானே அந்தப் பல்லுக் கொட்டுறது?" என்று கேட்டார்.

நான் பாயாசச் சட்டியோடு குசினி வாசலில் நின்றேன். முதலையை மறைக்கக் கலண்டரைக் கொழுவியது நான். அந்த முதலை ஆருக்கு என்ன செய்யும் என்று பாரிஸ் லா சப்பல் முழுக்கச் சொல்லித் திரிந்ததும் நான்.

போன கிழமை என் முழங்கால் கதையைப் படித்த ஒரு வாசகி, "ஆச்சி, டாக்டர் உங்கடை வாயிலையும் ரெண்டு தையல் போட்டிருக்கலாம்" என்று எழுதியிருக்கிறார். பிள்ளை, இதையும் படியும். நூலும் ஊசியும் நீரே கொண்டு வருவீர்.

சுவருக்கு வந்த சனம்

சாப்பாட்டுக் கடை என் தங்கையின் மகன் சிவநேசனுடையது. ரூ லூயி-பிளாங்கில், போன் கடைக்கும் டிக்கெட் போடுகிற கடைக்கும் நடுவில் இருக்கிறது. ஆறு மேசை. சுவரோரம் ஒவ்வொரு மேசைக்கும் ஆட்கள் இருக்க ஒரு நீள வாங்கு. முதுகு சாய்கிற பலகையோடு சுவரில் பூட்டியது.

நான் இருப்பது எபினேயில், மகள் வீட்டில். மகள் வேலைக்குப் போனால் அங்கே என்னோடு கதைக்க ரீவி மட்டும்தான் இருக்கும். அதுவும் பிரெஞ்சில் கதைக்கும். ஆகவே காலையில் வெளிக்கிட்டுக் கடைக்கு வந்து வெங்காயம் உரிப்பேன். அழுவதற்கு ஒரு சாட்டும் ஆச்சு, சிரிப்பதற்கு நாலு சனமும் ஆச்சு.

ஒரு மாரியில் கடைச் சுவர் ஈரம் பிடித்து உரிந்துவிட்டது. சிவநேசன் பழைய சாமான் சந்தைக்குப் போய் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தான். எல்லாம் மிகப் பழைய பேப்பர். விற்றவரின் பூட்டன் காலத்தில், கிழமைக்கு ஒரு முழுப் பக்கம், கலர்ப் படக்கதையாக வந்ததாம்.

"என்னடா கதை?" என்று கேட்டேன்.

"ஒரு மெசியே கிழமைக்கொரு கனவு காணுவாராம், பெரியம்மா. அவ்வளவுதான் அந்தாள் சொன்னது."

ஆறு வாங்கையும் கழற்றினான். ஆறு மேசைக்கும் ஆறு பக்கம் ஒட்டினான். வாங்குகளைத் திரும்பப் பூட்டினான். நான் அடுத்த நாள் வந்து பார்த்தபோது கடைக்குள் மிருகக்காட்சிச்சாலை.

கடவுள் படைக்க மறந்த மிருகங்கள் எல்லாம் அங்கே இருந்தன. கழுத்துப்பட்டி கட்டிய பாம்பு ஒன்று, படக்கதையின் பத்துப் பெட்டிக்கு நீண்டு கிடந்தது. தும்பிக்கைக்குப் பதிலாகக் கேத்தில் வாய் வைத்த யானை, தேத்தண்ணி ஊற்றியபடி நடந்தது. காலுள்ள மீன் படி ஏறியது. மீசை வைத்த பசு பறந்தது. மூன்றாம் மேசைக்கு மேலே அந்த முதலை. முதலையைத் துரத்திக்கொண்டு வயிற்றில் மணிக்கூடு வைத்த ஒரு சேவல்.

எல்லாப் பக்கத்திலும் அந்த மெசியே, கனவு காண்கிற பிரெஞ்சுத் துரை, இருந்தார். குண்டு மனிதர். கோட்டும் சூட்டும், காலில் பளபளக்கிற சப்பாத்தும். ஒரு கதிரையில் இருந்தபடியே வானத்தில் போனார்.

வாயிலிருந்து வருகிற எழுத்துகளை வாசிக்கச் சொல்லி சிவநேசனின் மகள் நிரோஜாவைக் கேட்டேன். இங்கேயே பிறந்து வளர்ந்தவள், மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள். ஃபோனிலிருந்து தலையை எடுத்து ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"எல்லாப் பெட்டியிலையும் 'ஓ லா லா' எண்டுதான் கிடக்கு, ஆச்சி."

ஆக, எழுத்தில் ஒன்றும் இல்லை. மிச்சம் என் பொறுப்பு.

கழுத்துக்கு மேலே, கழுத்துக்குக் கீழே

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. நாலாம் வகுப்பு வாத்தியாருக்கு என்னைப் பார்க்கிற பாக்கியம் கிடைக்கவில்லை. ஆனால் கனவுப் பலனில் நான் பெரிய டாக்டர். எங்கள் வீட்டில் விடிந்ததும் அம்மா முகம் கழுவ முதலே கேட்பது, "என்ன கண்டனி?" என்றுதான். பாம்பு சுற்றினால் பீடை கழலும். மீன் வந்தால் வயிற்றில் பிள்ளை. யானை துரத்தினால் பிள்ளையாருக்கு வைத்த நேர்த்தி பாக்கி. செத்தவீடு கண்டால் கல்யாணம், கல்யாணம் கண்டால் செத்தவீடு. பல் விழுந்தால் வீட்டில் ஒரு ஆள் குறையும்.

நேரமும் முக்கியம். முன்சாமத்துக் கனவு பலிக்க ஒரு வருசம் எடுக்கும். விடியப்புறக் கனவு பத்து நாளில் பலிக்கும். பகலில் கண்ட கனவுக்குப் பலனே இல்லை; அதைச் சொல்ல வந்தால் அம்மா அகப்பையைத் தூக்குவார்.

ஆனால் என் அம்மாவின் கணக்கில் கேத்தில் வாய் வைத்த யானை இல்லை. எனவே நானே ஒரு முறை கண்டுபிடித்தேன். கழுத்துக்கு மேலே இருப்பதற்கு ஒரு பலன், கீழே இருப்பதற்கு ஒரு பலன், இரண்டையும் கூட்டிச் சொல்ல வேண்டும். கேத்தில் என்றால் என்ன? தேத்தண்ணி. தேத்தண்ணி ஆருக்கு? வாற ஆளுக்கு. யானை பெரிது. ஆகவே, கனநாள் வராத பெரிய ஆள் ஒன்று வீட்டுக்கு வரும். நான் வெங்காயம் உரிப்பது அந்த யானைக்குக் கீழேதான்.

பகிடிக்குத்தான் தொடங்கினேன். பாலன் என்று ஒரு பெடியன் ரெசிப்பிசே என்கிற தற்காலிக விசாக் கடதாசியை மூன்று மாதத்துக்கு ஒருக்கால் புதுப்பித்துப் புதுப்பித்து முகம் கறுத்துப்போயிருந்தான். நிரந்தரமாய் இருக்க விடுகிற கார்த் வந்தபாடில்லை. ஒரு நாள் பாம்புக்குக் கீழே இருந்து கொத்துரொட்டி தின்றான்.

"தம்பி, மேலை பார். கழுத்துப்பட்டி கட்டியிருக்கு. அப்ப அது கந்தோரிலை வேலை செய்யிற பாம்பு. உன்ரை பீடை விசாக் குடுக்கிற ப்ரெஃபெக்தூரிலை கழலுது."

அடுத்த கிழமை கார்த் வந்துவிட்டது.

அதோடு என் பகிடி பலனாகிவிட்டது. பாம்பு மேசைக்கு ஆட்கள் ஃபோன் பண்ணி இடம் பிடித்தார்கள். மீன் மேசையில் இருந்து சாப்பிட்ட ஒரு புருசன், நான் மீன் பலன் சொன்னதும் பாதி இடியப்பத்தோடு எழும்பி அடுத்த மேசைக்கு ஓடினான். காலம் கடந்துவிட்டது, இரட்டைப் பிள்ளை.

ஒருவர் மட்டும் நல்ல கேள்வி கேட்டார்: "ஏன் ஆச்சி, நித்திரை கொள்ளுறவர் என்னத்துக்குச் சப்பாத்துப் போட்டிருக்கிறார்?"

"வெள்ளைக்காரர் சப்பாத்தோடைதானே வீட்டுக்குள்ளை திரியினம். படுக்கிறதும் அப்பிடித்தான்" என்றேன். எல்லாரும் தலையாட்டினோம். அன்றிலிருந்து அந்த மெசியேக்குப் பெயர் சப்பாத்தர்.

முதலைக்கு நான் பல்லுப் பலன் சொன்னதும் மூன்றாம் மேசைக்கு நம்முடைய ஆட்கள் வருவதை விட்டார்கள். வெள்ளையர்கள் மட்டும் முதலைக்குக் கீழே சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டார்கள். அவர்களுக்கென்ன, நல்ல பல் டாக்டர் இருக்கிறார்.

நாலு வருசத்துப் புதுமுகம்

இப்படி இருக்கும்போது நிரோஜாவுக்குப் பேச்சு வந்தது. பெடியன் கஜன், பியர்ஃபித்தில் இருக்கிறான், மெட்ரோ ஓட்டுகிறான். புரோக்கர் சாதகம் கொண்டுவந்தார். பொருத்தம் நல்லாய் இருந்தது.

நல்லாய் இல்லாமல் எப்படி இருக்கும்? இரண்டுபேரும் நாலு வருசமாய்ப் பழக்கம். புரோக்கரை ஆள் வைத்து அனுப்பியதே அவர்கள்தான். கஜனின் தாய் செல்வராணிக்குப் பழகிப் பிடிக்கிற கல்யாணம் ஆகாது, பார்த்துச் செய்கிற கல்யாணம்தான் ஆகும். அதனால் முதல் தரம் பார்ப்பது போல் பார்க்கவும் வெட்கப்படவும் பழகிக்கொண்டிருந்தார்கள். இது எனக்கு மட்டும் தெரியும். நிரோஜா என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள்.

"ஆச்சி, மாமி ஓம் எண்டு சொல்லாட்டில் கஜன் தாயை விட்டுட்டு வரமாட்டான். நானும் வா எண்டு கேக்கமாட்டன். அவவுக்கு அவன் ஒருத்தன்தான். அண்டைக்கு மட்டும் உங்கடை பகிடியை அடக்கிவையுங்கோ."

அடக்கினேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடையைப் பூட்டி, பாம்பு மேசையில் வாழையிலை போட்டு வைத்தோம். அங்கே இங்கே கண் போகக்கூடாது என்று முதலைக்கு மேல் கடைக் கலண்டரையும் கொழுவினேன்.

செல்வராணி வந்தார். கால் வீக்கம். மூக்கில் நேராக நிற்காத கண்ணாடி. ஒரு பக்கம் ஏற, மற்றப் பக்கம் இறங்கும். கதவைத் தாண்டியதும் கேட்ட முதல் கேள்வி, "துவலெத் எங்கை?"

கக்கூசு மூன்றாம் மேசைக்குப் பக்கத்தில்.

"அப்ப நான் இஞ்சையே இருக்கிறன்" என்று முதலைக்குக் கீழே அமர்ந்தார். "தண்ணிக் குளிசை போடுறனான், தூரம் ஏலாது."

சிவநேசன் என்னைப் பார்த்தான். நான் கலண்டரைப் பார்த்தேன். கலண்டர் பாயாசம் வரைக்கும் பொறுத்தது.

சுவரில் நடந்த வழக்கு

"உங்களைப் பற்றி பியர்ஃபித்திலை எல்லாரும் கதைக்கிறவை, அக்கா" என்றார் செல்வராணி, கஜுவைச் சேலையிலிருந்து எடுத்து ஓரத்தில் வைத்து. "முதலைக்குக் கீழை இருந்தால் வீட்டிலை ஒரு ஆள் குறையும் எண்டு சொன்னது நீங்கள்தானே?"

"அது... பகிடிக்கு, தங்கச்சி."

"பாம்பு பகிடியோ? மீன் பகிடியோ?"

நான் சட்டியை மேசையில் வைத்தேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "என்ரை மனிசன் செத்த கிழமை எனக்கும் பல்லுக் கொட்டினது. கனவிலை. கீழ்ப்பல்லு ரெண்டு. நான் ஆருக்கும் சொல்லேல்லை. நாலாம் நாள் ஆள் இல்லை." கைப்பையை எடுத்தார். "எனக்கு மிஞ்சினது இவன் ஒருத்தன். இந்தப் பேச்சு வேண்டாம். எழும்பு கஜன்."

கஜன் எழும்பவில்லை, எழும்பாமலும் இருக்கவில்லை. சுரங்கத்துக்குள் லைட் நின்ற மெட்ரோ மாதிரி பாதியில் நின்றான். நிரோஜா என் காதோடு வந்து, "ஆச்சி, ஃபே கெல்க ஷோஸ்" என்றாள். ஏதாவது செய்யுங்கோ. அழுகை வந்தால் அவளுக்குப் பிரெஞ்சுதான் வரும்.

செய்யத்தானே வேண்டும். கதை கட்டியவள் நான்.

"தங்கச்சி, செத்தவீடு கண்டால் கல்யாணம் எல்லோ? அப்ப பல்லு விழுந்தால் சாவு, சாவு எண்டால் கல்யாணம்!"

"செத்தவீட்டைக் கண்டால்தான் கல்யாணம். இது பல்லு." அவருக்கும் ஒரு அம்மா இருந்திருக்கிறார்.

"சரி, ஆருடைய பல்லு? முதலையின்ரை பல்லு. ஆபத்து முதலைக்குத்தானே?"

"கண்டவருக்குத்தான் பலன், மிருகத்துக்கில்லை."

"கண்டது சப்பாத்தர். நீங்கள் இல்லை."

"அப்ப பாம்பைக் கண்டதும் சப்பாத்தர்தானே? கார்த் ஏன் பாலனுக்கு வந்தது?"

சிவநேசன் என்னை ஒரு பார்வை பார்த்தான். வயது போனவள் என்று பாராமல் பார்த்தான்.

செல்வராணி சேலையைச் சரிசெய்துகொண்டு கேட்டார்: "எந்தச் சாமத்திலை கண்டது?"

அப்போதுதான் எல்லாருடைய கண்ணும் சேவலின் வயிற்றுக்குப் போனது. மணிக்கூட்டில் நாலுக்குப் பத்து நிமிசம் இருந்தது.

"விடியப்புறம்" என்றார் செல்வராணி. "பத்து நாள்."

இந்தப் பிறவியில் நான் வெறுத்த சேவல் அது ஒன்றுதான்.

அப்போது கஜன் முதல் தரம் வாய் திறந்தான். "அம்மா, பின்னேரம் நாலு மணியும் அப்பிடித்தானே இருக்கும்?"

செல்வராணி நின்றார். பகல் கனவு என்றால் பலன் இல்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"பகல் எண்டதுக்கு என்ன சாட்சி?" என்றார்.

"சப்பாத்து!" என்று நான் கத்தினேன். "ஆரும் இரவிலை சப்பாத்தோடை படுப்பினமோ?"

"வெள்ளைக்காரர் படுப்பினம் எண்டு நீங்கள்தான் சொன்னீங்களாம்."

என் வாய் எப்போதும் எதிர்ப்பக்கத்துச் சாட்சி.

வாங்குக்குப் பின்னால்

சிவநேசன் தலையைச் சொறிந்தான். "பெரியம்மா, அந்தப் பக்கத்திலை கீழை இன்னொரு வரிசை இருக்கு. வாங்குப் பலகை மறைச்சுப்போட்டுது."

"என்னடா அதிலை?"

"தெரியாது. நான் பசை பூசினனே தவிர, பாக்கேல்லை."

இவ்வளவு நாளும் கதையின் முடிவைப் பார்க்காமல் பலன் சொல்லியிருக்கிறேன்.

சிவநேசன் ஸ்குறூ கழற்றுகிறதை எடுத்துவந்தான். கஜன் மேற்சட்டையைக் கழற்றி நிரோஜாவிடம் கொடுத்தான். முதல் தரம் பார்க்கிற பெண்ணிடம் அப்படிக் கொடுக்கமாட்டார்கள். நான் இருமி மறைத்தேன். செல்வராணி கைப்பையை நெஞ்சோடு பிடித்தபடி கதவுப் பக்கமாகவே நின்றார். போகவும் இல்லை.

வாங்கு சுவரை விட்டு வந்தது. பின்னால் மூன்று கரண்டி, ஒரு தோடு, ஒரு மனிதனின் அரைப் பல்செட். அதை நான் காலால் தள்ளி மறைத்தேன். அன்றைக்குப் பல் என்ற பேச்சே ஆகாது.

கீழ் வரிசை அழுக்குப் படாமல், புதிதாய் இருந்தது. செல்வராணி குனிந்தார். கண்ணாடி மூக்கிலிருந்து சறுக்கியது. ஏற்றினார், திரும்பச் சறுக்கியது.

"அன்ரி, ஒருக்கால் தாங்கோ" என்றாள் நிரோஜா.

கேட்டுவிட்டு நிற்கவில்லை. கண்ணாடியை வாங்கி, அதன் காதுக் கம்பியைத் தேத்தண்ணிக்கு வைத்த சுடுதண்ணிக்குள் பிடித்து, கொஞ்சம் வளைத்து, மூக்கில் அழுத்துகிற இரண்டு சின்னத் துண்டுகளையும் நகத்தால் நெருக்கி, துடைத்து, தன் கையாலேயே அவருக்குப் போட்டுவிட்டாள். காதுக்குப் பின்னால் விரல் வைத்துச் சரிபார்த்தாள். அழுத கண்ணோடு, வேலை செய்கிற முகத்தோடு.

"நோகுதோ?"

செல்வராணி தலையை இடம் வலம் ஆட்டினார். கண்ணாடி அசையவில்லை. முதலில் படத்தைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற முகத்தைத்தான் பார்த்தார், கொஞ்ச நேரம். பிறகு கடைசிப் பெட்டிக்குக் குனிந்தார்.

அது ஒரு கந்தோர். யன்னலுக்கு வெளியே நல்ல வெயில். சப்பாத்தர் மேசையில் கவிழ்ந்து நித்திரை. மை போத்தல் சரிந்து கடதாசியெல்லாம் கறுப்பு. பின்னால் ஒரு பெரியவர் அவருடைய காதைத் திருகிப் பிடித்திருந்தார். சுவரில் மணிக்கூடு, நாலுக்குப் பத்து. வாயில் அதே "ஓ லா லா".

செல்வராணியின் தோள் ஆடியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்தார்.

"என்ரை மனிசனும் இப்பிடித்தான்" என்றார். "றெஸ்ரோறன்ரிலை கோப்பை கழுவுற இடத்திலை நிண்டபடி நித்திரை. முதலாளி வந்து காதிலை பிடிச்சுத்தான் எழுப்புறது. பின்னேரம் நாலு மணிக்கு."

கடையின் நடுவில் கிடந்த வாங்கில் அமர்ந்தார். கைப்பையைப் பக்கத்தில் வைத்தார்.

"பாயாசம் இருந்தால் கொஞ்சம் தாங்கோ, அக்கா. கலண்டர் இல்லாமல்."

பூட்டிய வாங்குகள்

போகும்போது கதவடியில் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிள்ளைகள் இரண்டும் தெருவில், முதல் நாள் பழக்கத்துக்குக் கொஞ்சம் அதிகமாகக் கதைத்துக்கொண்டு நின்றார்கள்.

"அக்கா, இதுகள் எத்தினை வருசமாய்?"

"என்ன தங்கச்சி கேக்கிறியள்? இண்டைக்குத்தானே..."

"இவன்ரை கட்டிலுக்குக் கீழை அவள் வேலை செய்யிற கடையின்ரை பேர் போட்ட கண்ணாடிக் கூடு ஆறு கிடக்கு. இவனுக்குக் கண்ணிலை ஒரு குறையும் இல்லை." சேலைத் தலைப்பை இழுத்துவிட்டார். "எனக்குப் பகலிலை நித்திரை வாறேல்லை, அக்கா."

கல்யாணம் நடந்தது. அதைப் பற்றி இங்கே எழுத ஒன்றுமில்லை. எல்லாக் கல்யாணத்திலும் போல மாப்பிள்ளையின் கார் டிராஃபிக்கில் நின்றது, சோறு குழைந்தது.

பொம்பிளை பார்த்த அன்றைக்கே சிவநேசன் மற்ற ஐந்து வாங்கையும் கழற்றிப் பார்ப்போம் என்று வெளிக்கிட்டான். நான் முன்னால் போய் நின்றேன். பாலன் ஆறு மணிக்குக் குடும்பத்தோடு வருவதாக இருந்தான். நன்றிச் சாப்பாடு, பாம்பு மேசையில். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து, உன்னுடைய பாம்பு பகல் பாம்பு என்று எப்படிச் சொல்வது? இப்போது அவனுக்குப் பத்து வருச கார்த். அதனால்தான் பயமில்லாமல் எழுதுகிறேன். இரட்டைப் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகின்றன, அவர்களைத் திருப்பி அனுப்பவும் முடியாது.

சிவநேசன் இன்னும் விட்டபாடில்லை. சுவர் பூச வேண்டும், வாங்கைக் கழற்ற வேண்டும் என்கிறான். ஐந்தில் நாலைக் கழற்றிக்கொள் என்று சொல்லியிருக்கிறேன்.

கேத்தில் யானையின் வாங்கில் மட்டும் கை வைக்கக்கூடாது. டொரொன்டோவில் என் மகன் இருக்கிறான். பன்னிரண்டு வருசமாய் வாற வருசம் வாறேன் என்கிறான். அந்த யானையைச் சப்பாத்தர் கந்தோரில் கண்டாரோ கட்டிலில் கண்டாரோ, வாங்கு பூட்டியிருக்கும் வரைக்கும் ஒருவருக்கும் தெரியாது. நான் அதற்குக் கீழே இருந்து வெங்காயம் உரிக்கிறேன். கண்ணைத் துடைக்கிறபோதெல்லாம் வாசலையும் ஒருக்கால் பார்த்துக்கொள்கிறேன்.